கொல்லைப்புறத்தில் ஒரு பச்சைக் களம்!

குழந்தைகளே! உங்கள் ஊரில் 'டர்ஃப்' வந்துவிட்டதா? நாலு பக்கமும் வலை கட்டிய பெரிய கூண்டு மாதிரி ஓர் இடம். உள்ளே பச்சைப் பசேலென்று தரை. ராத்திரியிலும் விளக்குப் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு பந்து விளையாட விடுகிறார்கள். விளையாடிவிட்டு வரும் அண்ணன்மார் ஷூவைக் கழற்றினால் கறுப்புக் கறுப்பாக மணிமணியாக ஏதோ கொட்டும். கூடத்தைப் பெருக்கிய அம்மாவுக்குக் கோபம் வரும்!

அந்தப் பச்சைத் தரையைத்தான் இப்போது சிலர் வீட்டுக்குப் பின்னாலேயே போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத் தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லை என்போம். நெல்லைக்காரர்கள் புறவாசல் என்பார்கள். கோவைப் பக்கம் பொடக்காளி. பெயர் எதுவானால் என்ன? பக்கத்து வீட்டில் போட்டதைப் பார்த்ததும், "அப்பா, நம்ம வீட்டிலும் போடலாம்பா!" என்று கேட்கத் தோன்றும்.

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பச்சைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் புல் இரண்டு விரற்கடை உயரம்தான். உண்மையான வேலை அத்தனையும் அதற்கு அடியில்தான் இருக்கிறது.

செத்த புல்லுக்குப் பச்சை வர்ணம்!

முதலில் இந்தப் பிளாஸ்டிக் புல் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போமா?

அமெரிக்காவில் ஹூஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே 1965ஆம் ஆண்டு ஒரு பிரம்மாண்டமான விளையாட்டரங்கம் திறந்தார்கள். பெயர் ஆஸ்ட்ரோடோம். மழை, வெயில் எதுவும் உள்ளே வராதபடி முழுவதும் கூரை போட்ட அரங்கம். உள்ளே தரையில் நிஜமான புல். புல்லுக்கு வெயில் வேண்டுமே? அதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகைகளை ஆயிரக்கணக்கில் பொருத்தினார்கள்.

இங்கேதான் வந்தது வில்லங்கம். அங்கே ஆடியது பேஸ்பால். பந்து உயரே போகும்; அண்ணாந்து பார்த்துப் பிடிக்க வேண்டும். கூரை வழியாக வந்த ஒளி கண்ணைக் கூச வைத்தது. பந்து எங்கே வருகிறது என்றே ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. சரி என்று கூரைப் பலகைகளுக்கு வர்ணம் பூசினார்கள். கூச்சம் போயிற்று. கூடவே வெளிச்சமும் போயிற்று. புல் செத்துவிட்டது! அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சை வர்ணம் அடித்து அந்த வருட ஆட்டங்களை ஒருவழியாக முடித்தார்கள். சிரிப்பு வருகிறது அல்லவா?

அதற்கு ஓராண்டு முன்பே, 1964இல், ராட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரத்தில் மோசஸ் பிரவுன் என்ற பள்ளிக்கூடத்தில் நைலான் இழையால் ஆன புல் விரிப்பு ஒன்றைப் போட்டிருந்தார்கள். மான்சான்டோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செய்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட நல்ல தரை வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய முயற்சி அது. அந்த விரிப்பை 1966இல் ஆஸ்ட்ரோடோமுக்குக் கொண்டுவந்து விரித்தார்கள். அரங்கத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது: ஆஸ்ட்ரோ டர்ஃப்!

நம் நாட்டையும் இந்தப் பிளாஸ்டிக் புல் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டது. 1975இல் கோலாலம்பூரில் புல் தரையில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கியில் நாம்தான் சாம்பியன். மறு வருடம், 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி. நமக்கு ஏழாவது இடம்! அதுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் நாம் பதக்கம் இல்லாமல் திரும்பியதே கிடையாது. மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைக் குச்சியோடு ஒட்டவைத்து ஓடும் நம்மவர் வித்தை, பந்து சறுக்கிக்கொண்டு பறக்கும் புதுத் தரையில் அவ்வளவாகச் செல்லவில்லை. பழகவும் அப்போது நம்மிடம் அந்த மாதிரித் தரை இல்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 1980இல் மாஸ்கோவில், நம் சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கினோம் என்பது வேறு கதை. (பல நாடுகள் அந்த ஒலிம்பிக்குக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

முதலில் நாடாவை எடுங்கள்

இப்போது நம் கொல்லைக்கு வருவோம். அளக்கும் நாடா ஒன்று, பென்சில், கட்டம் போட்ட நோட்டு. இவை போதும்.

ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. வீடு, கிணறு, துவைக்கிற கல், முருங்கை மரம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று அளந்து நோட்டில் வரையுங்கள். பிறகு எந்த விளையாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். இறகுப்பந்துக்கு 44 அடி நீளம், 20 அடி அகலம். கிரிக்கெட்டில் இரண்டு விக்கெட்டுக்கும் நடுவே மட்டுமே 66 அடி! கபடிக்கு, சிறுவர்கள் ஆடுகளமே 8 மீட்டர் அகலம் வேண்டும். வளையப்பந்துக்கு 40 அடிக்கு 18 அடி போதும். கோட்டுக்கு வெளியே ஓடி நிற்கவும் கொஞ்சம் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மதில் சுவரில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கொல்லைகளில் முழு ஆடுகளம் அடங்காது. அதனால்தான் புத்திசாலிகள் வலை கட்டி, நீளவாக்கில் ஒரு சந்து மாதிரி பேட்டிங் பழகும் தரை மட்டும் போடுகிறார்கள். மரத்தை வெட்டி இடம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் புல்லுக்காக நிழல் தரும் மரத்தை வெட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். ஏன் என்பது பின்னால் வரும்.

படத்தில் இன்னும் இரண்டு குறிக்க வேண்டும். செப்டிக் டேங்க் மூடி எங்கே? தண்ணீர்த் தொட்டி மூடி எங்கே? இவற்றின் மேல் விரிப்பை ஒட்டிவிட்டால், பிற்பாடு திறக்க வேண்டி வரும்போது கத்தியால் கிழிக்கத்தான் வேண்டும்.

ஒரு குழி, ஒரு வாளித் தண்ணீர்

அடுத்தது ஒரு சோதனை. பெரியவர்களைக் கூட வைத்துக்கொண்டு, கொல்லையில் ஓர் அடி ஆழத்துக்குச் சின்னக் குழி வெட்டுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மறுபடி ஊற்றி, இம்முறை கடிகாரத்தைப் பாருங்கள்.

செம்மண்ணாகவோ மணல் கலந்த மண்ணாகவோ இருந்தால் தண்ணீர் மடமடவென்று இறங்கும். களிமண் என்றால் அப்படியே நிற்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் ஒரு சங்கடம்: மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மண் உப்பி இறங்கினால் மேலே போட்ட தரையும் அலை மாதிரி மேடு பள்ளமாகிவிடும். பந்து எகிறும், கால் பிசகும். அப்படிப்பட்ட இடத்தில் மண்ணை இன்னும் ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் மண் போட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

தரை போடுகிற வேலை இப்படி நடக்கும்: மேல் மண்ணை ஐந்து, ஆறு அங்குலம் வெட்டி எடுப்பார்கள். புல், கோரைக்கிழங்கு, வேர் எல்லாவற்றையும் களைய வேண்டும். கோரைக்கிழங்கு ஒன்று விட்டுப்போனாலும் விரிப்பைப் பொத்துக்கொண்டு தலை நீட்டும், அது லேசுப்பட்டதல்ல! சுற்றிலும் செங்கல்லால் வரம்பு கட்டுவார்கள். மண்ணும் ஜல்லியும் கலந்துவிடாமல் இருக்க ஒரு கெட்டித் துணி. அதன்மேல் ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ஒவ்வொரு முறையும் ரோலரோ திமிசு இயந்திரமோ வைத்து இறுக்குவார்கள். கடைசியில் ஓர் அங்குலத்துக்குக் கல்தூள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. (கணக்கு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டேன் என்கிறார் என்று முணுமுணுக்காதீர்கள்!) மழைத் தண்ணீர் ஓடிவிட, தரை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிய வேண்டும். வளையப்பந்து களத்தின் அகலம் 18 அடி. அதாவது 216 அங்குலம். நூறால் வகுத்தால் இரண்டு அங்குலமும் கொஞ்சமும். ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் இரண்டு அங்குலம் தாழ்வாக இருந்தால் போதும். ஓடுகிறவனுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்!

கொத்தனார் இதை எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் நீளக் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு மூலையில் உயர்த்திப் பிடிப்பார். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதிலிருந்து அளந்து சரிவைக் குறித்துவிடுவார். அறிவியல் பாடத்தில் படிப்பதை அவர் தினமும் கையில் வைத்திருக்கிறார்.

சிமெண்டா, ஜல்லியா?

இந்த இடத்தில்தான் உங்கள் வீட்டில் ஒரு விவாதம் வரும். "ஜல்லி, கல்தூள் எல்லாம் எதற்கு? ஒரேயடியாகச் சிமெண்ட் கான்கிரீட் போட்டு, மேலே விரிப்பை ஒட்டிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேலையும் சுலபம், தரையும் அசையாது. கிரிக்கெட் பேட்டிங் தரைக்குச் சிமெண்ட் நல்லதுதான். பந்து ஒரே சீராக எழும்பும்.

ஆனால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? ஒரு கணக்குப் பாருங்கள். 720 சதுர அடிக் களத்தில் ஒரு நாள் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 720 சதுர அடி என்பது ஏறக்குறைய 67 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் என்பது 50 மில்லிமீட்டர். 67ஐ 50ஆல் பெருக்குங்கள். 3350 லிட்டர்! ஒரே நாளில், நம் ஒரு கொல்லையில்!

சிமெண்ட் போட்டால் இது அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகும். ஜல்லி போட்டால் விரிப்பின் அடியிலுள்ள சின்னச் சின்னத் துளைகள் வழியே இறங்கி, மண்ணுக்குள் போய், கிணற்றுக்கோ ஆழ்துளைக் குழாய்க்கோ ஊறும். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இந்தத் தண்ணீருக்காகத்தானே? மாடியில் விழும் மழையைக் குழாய் வைத்துப் பூமிக்குள் விட்டுவிட்டு, கொல்லையைச் சிமெண்டால் மூடுவானேன்? சிமெண்ட்தான் வேண்டும் என்று முடிவானால், களத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதை மழைநீர்க் குழியில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

பாய் விரிக்கிற வேலை

அடித்தளம் ஆயிற்று. இனிமேல்தான் பச்சை. விரிப்பு பாய் மாதிரி சுருள் சுருளாக வரும். சிலது 2 மீட்டர் அகலம், சிலது 4 மீட்டர். கொஞ்ச நேரம் வெயிலில் பிரித்துப் போட்டால் சுருக்கம் விடும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வெல்வெட் துணியை ஒரு பக்கமாகத் தடவினால் வெளிறும், மறுபக்கமாகத் தடவினால் கறுக்கும் அல்லவா? இந்தப் புல்லும் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எல்லாப் பாயையும் ஒரே திசையில் விரிக்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் அது மட்டும் வேறு நிறத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பாய் சேரும் இடத்தில் அடியில் அகலமான நாடா வைத்துப் பசை போட்டு ஒட்டுவார்கள். அந்த இணைப்பில் இடைவெளி இருந்தால் கால் தடுக்கும். பிறகு மேலே மணலைத் தூவி, துடைப்பத்தால் தள்ளித் தள்ளிப் புல்லின் இடையே இறக்குவார்கள். மணல்தான் புல்லை நிமிர்த்தி வைக்கிறது. விரிப்புக் காற்றில் எழாமல் பிடித்தும் கொள்கிறது.

கால்பந்துத் தரையில் மணலோடு ரப்பர் மணிகளும் போடுவார்கள். பழைய லாரி, கார் டயர்களை அரைத்து எடுத்தவை. அண்ணன் ஷூவிலிருந்து கொட்டியது அதுதான்! ஷூவில் வருவது போல மழையிலும் அடித்துக்கொண்டு போகும். வாய்க்காலுக்கு, ஆற்றுக்கு, கடலுக்கு. மக்கிப் போகாத பொடி. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இப்படிப்பட்ட பிளாஸ்டிக், ரப்பர் மணிகளின் விற்பனைக்குத் தடை விதி கொண்டுவந்து, விளையாட்டுத் திடல்களுக்கு எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. நம் வீட்டுக் கொல்லைக்கு ரப்பர் மணியே தேவையில்லை. குட்டைப் புல்லும் வெறும் மணலும் போதும்.

சூடு! சூடு!

இப்போது மர விஷயத்துக்கு வருகிறேன். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால். நிஜப் புல்லும் இலை வழியாக நீராவியை விட்டு, தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் புல்லுக்கு வேரும் இல்லை, நீரும் இல்லை. வாங்கிய வெயிலை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2002இல் அளந்து பார்த்தார்கள். தண்ணீர் தெளித்ததும் குளிர்ந்தது. சற்று நேரத்திலேயே மறுபடி கொதித்தது.

அமெரிக்காவிலேயே அப்படியென்றால் வேலூரில், திருச்சியில் சித்திரை வெயிலில் எப்படி இருக்கும்? புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் விளையாடாதீர்கள். வெறுங்காலோடு ஓடுகிற தம்பி, தங்கைகளை விடவே கூடாது. விழுந்து தேய்த்துக்கொண்டால் தோல் உரியும். மணல் வேறு இருக்கிறது. காலையில் ஏழு மணிக்குள், மாலையில் ஐந்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்குப் பக்கம் ஒரு வேம்போ புங்கையோ நின்றால் மாலை வெயில் களத்தில் விழாது. வெட்டாதீர்கள் என்று சொன்னது அதனால்தான். இலை உதிரும், ஆமாம், பெருக்கிக்கொண்டால் ஆயிற்று.

தீபாவளிக்கு இன்னொரு எச்சரிக்கை! புஸ்வாணமோ சங்கு சக்கரமோ இதன்மேல் வைத்தால் அந்த இடம் உருகிக் கட்டியாகிவிடும். கம்பி மத்தாப்புப் பொறி பட்டாலே போதும். வெடியெல்லாம் வாசலில்தான்.

கயிறும் சுண்ணாம்பும்

இவ்வளவும் கேட்டுவிட்டு அப்பா, "இப்போது வேண்டாம்" என்று சொல்லலாம். செலவு சிறியதல்ல, அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் பௌரல் என்ற ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஆடியவர். தண்ணீர்த் தொட்டியின் வளைந்த செங்கல் அடிப்பகுதியில் கோல்ஃப் பந்தை எறிவார். அது தாறுமாறாகத் திரும்பி வரும். பேட்டால்கூட அல்ல, ஒரு ஸ்டம்பால் அதை அடிப்பார்! டெஸ்ட் ஆட்டங்களில் அவர் சராசரி 99.94.

உங்கள் கொல்லையில் மண் தரை இருக்கிறதே, அதிலேயே களம் போடலாம். கல்லையும் முள்ளையும் பொறுக்குங்கள். பள்ளத்தில் செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்குங்கள். வளையப்பந்துக்கு ரப்பர் வளையமும் ஒரு வலையும் போதும்; வலை இல்லாவிட்டால் துணி காயவைக்கும் கொடி!

கோடு போடும்போது மூலை கோணாமல் இருக்க வழி சொல்கிறேன். கயிற்றில் ஓர் அடிக்கு ஒரு முடிச்சாகச் சம இடைவெளியில் போட்டு, மொத்தம் 12 அடி வரும்படி இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டுங்கள். மூன்று பேர் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 3 அடி, அடுத்தது 4, மூன்றாவது 5. இழுத்துப் பிடித்தால் மூன்று அடியும் நான்கு அடியும் சேரும் மூலை மிகச் சரியாக 90 டிகிரி! அங்கே ஒரு முளைக்குச்சி அடியுங்கள். நாலு மூலைக்கும் இப்படிப் பார்த்து, கயிறு கட்டி, அதன் ஓரமாகச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே போங்கள். கண்ணில் படாமல் பெரியவர் யாராவது தூவுவது நல்லது. கடைசியில் இரண்டு எதிர் மூலைகளுக்கு நடுவே குறுக்காக அளங்கள். 40 அடிக்கு 18 அடிக் களம் என்றால் குறுக்களவு 43 அடி 10 அங்குலத்துக்கு மேல் மூன்று நூல் வரும். இரண்டு குறுக்கும் ஒரே அளவாக இருந்தால் களம் தயார். வளையத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்!